ஓடிபி யார் போனுக்கு வருகிறது?

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் ஏதாவது ஒரு சிற்றூரின் பிரவுசிங் சென்டரில் அரைமணி நேரம் நின்றால் போதும். மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் துணிக்கடைப் பையில் மடங்கிக் கிடக்க, அப்பாவும் மகளும் வரிசையில் நிற்பார்கள். கடைக்காரர் மளமளவென்று தட்டிக்கொண்டே, "மொபைல் நம்பர் சொல்லுங்க" என்பார். அப்பா பட்டன் போனை எடுத்துத் தடுமாறுவார். "சரி விடுங்கண்ணே, என் நம்பரையே போட்டுக்கறேன்."

அந்த இடத்தில்தான் பல பிள்ளைகளின் சீட்டு நழுவத் தொடங்குகிறது.

தமிழகப் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையத்தில் நடக்கிறது. விண்ணப்பத்தோடு அது முடிவதில்லை. சான்றிதழில் குறை இருந்தால் சரிசெய்வது, தரவரிசையில் பிழை இருந்தால் முறையிடுவது, கல்லூரிகளை வரிசைப்படுத்துவது, தற்காலிக ஒதுக்கீட்டை உறுதி செய்வது என ஒவ்வொன்றுக்கும் சில நாள்களே கெடு. தகவல் வருவதெல்லாம் பதிவு செய்த எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும்தான். இரண்டும் கடைக்காரருடையவை என்றால், நூறு பிள்ளைகளின் குறுஞ்செய்திகளுக்கிடையே இந்தப் பெண்ணுடையது எங்கோ கிடக்கும். உறுதி செய்யாத இடம் கைவிட்டுப் போய்விடும்.

வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தாலும் கதை தீர்வதில்லை. இருக்கும் ஒரே போனைக் காலையில் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். பதினொரு மணிக்கு வரும் ஓடிபி, அவர் வீடு திரும்பும்போது செத்துப்போயிருக்கும். 'எல்லார் வீட்டிலும் போன் இருக்கிறது' என்று பேசுபவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

கணினி இல்லாத மாணவர்களுக்காகவே மாவட்டந்தோறும் கலந்தாய்வு உதவி மையங்கள் திறக்கப்படுகின்றன. மையங்களின் பட்டியல் கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கும். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 250 ரூபாய். மதிப்பெண் பட்டியல், மாறுதல் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலோடு போக வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழும் தேவை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வருவாய்த் துறை வழியாக வர நாளாகும். தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்கவே கூடாது.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. 2021 முதல் பொறியியலுக்கும் அது பொருந்தும். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அவசரத்தில் தட்டும் கடைக்காரர் இதைக் கேட்காமலே கடந்துபோகக்கூடும். விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன் அந்தக் கேள்விக்கான பகுதியை மாணவியே பார்த்துவிட வேண்டும். பார்த்தே ஆக வேண்டும்.

இதில் ஆசிரியரின் வேலை மார்ச் மாதத்துக்கு முன்பே தொடங்குகிறது. யார் வீட்டில் போன் உண்டு, யார் பெயரில் சிம், பகலில் அது யாரிடம் இருக்கும் என்பதை வகுப்பாசிரியர் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வது ஒரு பிற்பகல் வேலை. பள்ளியின் ஹைடெக் லேபில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லை அவரவர் கையாலேயே எழுதிவைக்கச் செய்யலாம். ஆனால் கணினி கெட்டுவிடும் என்று லேபைப் பூட்டிச் சாவியைப் பத்திரப்படுத்தும் தலைமையாசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். யாருக்காக அந்தப் பத்திரம்?

லேப் திறக்கவில்லை என்றால் பெற்றோர் வாய்மொழியாகப் புலம்பிவிட்டு வரக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்து, அது தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். அசையவில்லையா, அதன் நகலோடு முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வரக் கூடாது. அடுத்தது, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர் கூட்டம். சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது. பட்டன் போனிலிருந்தும் அழைக்கலாம்.

ஏற்கெனவே கடைக்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டவர்கள் இன்றே அந்தக் கடைக்குப் போய் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் எழுதி வாங்கட்டும். பிறகு விண்ணப்ப நகலோடு உதவி மையத்துக்கு நேரில் போய், எண்ணை மாற்ற வழி கேட்கட்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இதில் இடமில்லை.