கடலடியிலிருந்து நம் வீட்டுக் கணினி வரை

நுழையும் முன்

மாணவர்களே! உங்கள் வீட்டில் ஒலிப்பது தமிழ். தெருவில் ஒலிப்பது மராத்தியும் இந்தியும். ஊரிலுள்ள தாத்தாவையும் பாட்டியையும் கோடை விடுமுறையில்தான் காண முடிகிறது. அத்தொலைவைக் குறைக்க உதவும் கருவிகளுள் ஒன்று வீட்டுக் கணினிக்கு வரும் இணைய இணைப்பு. அது எங்கிருந்து வருகிறது? எவ்வாறு இணைக்கப்படுகிறது? இப்பாடத்தில் அறிவோம்.

மும்பையில் இணையம்

1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. முதலில் சேவை பெற்ற நகரங்களுள் மும்பையும் சென்னையும் அடங்கும். அந்நாளில் கணினியை மோடம் என்னும் பெட்டியுடன் இணைத்து, தொலைபேசிக் கம்பி வழியாக எண்ணைச் சுழற்ற வேண்டும். இணையம் இயங்கும்வரை அத்தொலைபேசிக்கு அழைப்பு வராது. ஊரிலிருந்து அவசரச் செய்தி சொல்ல அழைப்பவர், இணைப்பு ஓய்வில் இல்லை என்னும் ஒலியையே கேட்பார்.

பின்னர் வந்தது அகலக்கற்றை. ஒரே செம்புக் கம்பியில் பேச்சொலி தாழ்ந்த அதிர்வெண்களிலும், கணினித் தரவு உயர்ந்த அதிர்வெண்களிலும் சென்றன. சுவரில் பொருத்திய சிறு பிரிப்பான் இரண்டையும் வேறுபடுத்தியது. ஆகவே, பேசிக்கொண்டே இணையத்தையும் பயன்படுத்த முடிந்தது. நொடிக்கு 256 கிலோபிட் வேகமேனும் இருந்தால்தான் அகலக்கற்றை என 2004ஆம் ஆண்டின் அரசுக் கொள்கை வரையறுத்தது. 2023இல் அவ்வெல்லை 2 மெகாபிட் ஆக உயர்ந்தது.

இவ்வேகங்களின் வேறுபாட்டை ஒரு கணக்கால் உணரலாம். 5 மெகாபைட் அளவுள்ள பாடல் ஒன்று 40 மெகாபிட் ஆகும். ஏனெனில் ஒரு பைட் என்பது 8 பிட். பழைய மோடத்தின் உச்ச வேகமான 56 கிலோபிட்டில் அது வந்துசேர ஏறத்தாழ 12 நிமிடம் ஆகும். 256 கிலோபிட்டில் இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். இன்றைய 100 மெகாபிட் இணைப்பில் அரை நொடிக்குள் வந்துவிடும்.

ஒளி செல்லும் வழி

இன்று பல வீடுகளுக்கு ஒளியிழை வருகிறது. தலைமுடியளவு மெல்லிய கண்ணாடி இழை அது. அதன்வழி மின்சாரம் செல்வதில்லை, ஒளித்துடிப்புகளே செல்கின்றன. மழைக்காலத்தில் செம்புக் கம்பியின் இணைப்புகளில் நீர் புகுந்தால் தொலைபேசி கரகரக்கும். ஒளியிழைக்கு அத்தொல்லை குறைவு. ஆனால் அதைக் கூர்மையாக வளைத்தால் ஒளி கசிந்து இணைப்பு தளரும்.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். மும்பையிலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டியில் ஏறத்தாழ ஒரு நாள் பயணம். ஒளிக்கோ ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

நம் நகரத்துக்கு வெளிநாட்டுத் தரவு கடலடிக் கம்பிவடங்கள் வழியாக வருகிறது. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே இரண்டு கடலடி வடங்கள் பழுதடைந்தன. இந்தியாவில் பல இடங்களில் இணையம் தளர்ந்தது. எங்கோ கடலுக்கடியில் கிடக்கும் வடமும், உங்கள் மேசை மீதுள்ள கணினியும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

இணைக்கும் முறை

முதற்படி: சேவை நிறுவனப் பணியாளர் ஒளியிழையை வீட்டுக்குள் கொணர்ந்து ஒரு பெட்டியில் பொருத்துவார். அப்பெட்டி ஒளித்துடிப்பை மின்துடிப்பாக மாற்றும். இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தல் ஆகாது; கண்ணுக்குப் புலப்படாத லேசர் ஒளி அதில் வரும்.

இரண்டாம் படி: ரவுட்டர் எனப்படும் திசைவி, வீட்டிலுள்ள கருவிகளுக்குத் தரவைப் பகிர்ந்தளிக்கும். சில வீடுகளில் இவ்விரண்டும் ஒரே பெட்டியாக இருக்கும்.

மூன்றாம் படி: திசைவியையும் கணினியையும் லேன் கம்பியால் இணைக்க வேண்டும். 'கிளிக்' என்னும் ஒலி கேட்டால் முனை சரியாகப் பொருந்தியது எனக் கொள்ளலாம். உடனே திசைவி கணினிக்கு ஓர் எண் முகவரியைத் தானே வழங்கும். வீட்டு எண் இல்லாத கடிதம் உரியவரைச் சேராததுபோல், இம்முகவரியின்றித் தரவு கணினியைச் சேராது.

நான்காம் படி: வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றுக. பெயரும் பிறந்த நாளும் கடவுச்சொல் ஆகா.

தாராவியில் தகரச் சுவரும் தகரக் கூரையும் உள்ள வீடுகள் உண்டு. உலோகம் வைஃபை அலைகளைத் தடுக்கும். எனவே திசைவியை அலமாரிக்குள் மறைக்காமல், உயரமான திறந்த இடத்தில் வைத்தல் நலம்.

பழுதைக் கண்டறிதல்

பக்கம் திறக்கவில்லையா? பதற வேண்டா, சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக நோக்குக. பெட்டிக்கு மின்சாரம் வருகிறதா? சிவப்பு விளக்கு எரிகிறதா? எரிந்தால் பெரும்பாலும் ஒளி வந்துசேரவில்லை என்று பொருள். நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். லேன் கம்பி தளர்ந்துள்ளதா? வேறொரு கருவியில் இணையம் இயங்கினால், பழுது உங்கள் கணினியில் இருக்கலாம்.

இணைப்பின் பயன்

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் பள்ளிகள் மூடப்பட்டு, வகுப்புகள் இணையத்துக்கு மாறின. இணைப்புள்ள பிள்ளை பாடம் கேட்டது. இல்லாத பிள்ளை பின்தங்கியது. அண்ணன், தங்கை இருவரும் ஒரே கைபேசிக்காகக் காத்திருந்த வீடுகளும் உண்டு. ஆகவே, உங்கள் வீட்டில் இணைப்பு இருந்தால், இல்லாத தோழருக்கும் அதில் ஒரு மணி நேரம் இடம் கொடுங்கள்.

இணையத்தில் தமிழும் காத்திருக்கிறது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்குகின்றனர். 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாகப் பாடங்களையும் நூல்களையும் அளிக்கிறது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தமிழ் நூல் தேடி அலையும் மாணவருக்கு இவை வீட்டுக்குள் வந்த நூலகங்கள். வழியை ஒளியிழை தந்துவிட்டது. அவ்வழியே தமிழை அழைத்து வருவது உங்கள் பொறுப்பு.

பயிற்சிகள்

அ. பொருள் அறிக
கற்றை – தொகுதி. இழை – நூல் போன்ற மெல்லிய பொருள். கண்ணி – சங்கிலியின் வளையம்.

ஆ. பிரித்து எழுதுக
1. ஒளியிழை 2. கடலடி 3. இவ்வேகம்

இ. விடையளிக்க
1. பழைய மோடம் இயங்கும்போது தொலைபேசிக்கு அழைப்பு வராமையால் என்ன இடர் நேர்ந்தது?
2. பிரிப்பானின் பணி யாது?
3. அலெக்சாந்திரியா நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை என்ன?

ஈ. செய்து பார்ப்போம்
முதன்முதலில் ஊருக்குத் தொலைபேசியில் பேசிய நாளைப் பற்றி வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டு, பத்து வரிகளில் தமிழில் தட்டச்சு செய்து வகுப்பில் படித்துக் காட்டுக.