புகை எங்கிருந்து வருகிறது?

லண்டனின் வடகிழக்கில் உள்ள வால்தம்ஸ்டோவில் ஒரு காலத்தில் என்சைன் கேமராக்கள் செய்தார்கள். லண்டனின் ஹை ஹோல்பர்ன் தெருவில் இருந்த, அவற்றைச் செய்த நிறுவனத்தின் தலைமையகம் 1940இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அழிந்தது. போருக்குப் பிறகும் வால்தம்ஸ்டோவிலிருந்து கேமராக்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று, 120 ஃபிலிமில் எட்டுப் படமோ பன்னிரண்டு படமோ எடுக்கக்கூடிய செல்ஃபிக்ஸ் 820 என்ற மடக்குக் கேமரா. இத்தனை வருடம் கழித்தும் அதன் லென்ஸ் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கோளாறு துருத்தியில்தான். ஆர்மோனியத் துருத்தியைப் போலவே இதுவும் திறந்து மூடும்போதெல்லாம் மடிப்பின் மூலைகளில் தேய்கிறது. ஊசிமுனை அளவில் ஓட்டை விழுந்தால் போதும், படத்தில் வெள்ளைப் புகை படிந்துவிடும்.

அத்தனை சிறிய ஓட்டை படத்தையே எப்படிக் கெடுக்கும்? ஷட்டர் ஒரு வினாடியில் 125இல் ஒரு பங்கு நேரம் திறந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கேமராவை விரித்துப் பிடித்தபடி நல்ல காட்சிக்காகப் பத்து நிமிடம் காத்திருந்தால், ஓட்டைக்குக் கிடைப்பதோ 600 வினாடி, அதாவது 75,000 மடங்கு நேரம். ஃபிலிம் வெளிச்சத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். ஆகவே லென்ஸ் வழி வருவதில் 75,000இல் ஒரு பங்கு ஒளி கசிந்தாலும், கடைசியில் இரண்டும் சமமாகிவிடும். மேகம் மூடிய டிசம்பர் லண்டனில் குறையே காட்டாத கேமரா, மே மாதச் சென்னை வெயிலில் கோடு கோடாகப் புகைவதும் இதனால்தான்.

குற்றவாளியை நெகட்டிவே காட்டிக்கொடுக்கும். அதில் புகை கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பு படச் சட்டத்தின் விளிம்போடு வெட்டினாற்போல் நின்றால், ஒளி முன்னாலிருந்து, துருத்தி வழியாகவோ ஷட்டர் வழியாகவோ வந்திருக்கிறது. விளிம்பைத் தாண்டி ஃபிலிமின் ஓரம் வரை பரவியிருந்தால் பின்கதவைச் சந்தேகியுங்கள். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. லென்ஸ் காட்சியைத் தலைகீழாக்குகிறது. கதவிடுக்கில் நுழையும் ஒளி அப்படி ஆவதில்லை. அதனால் படத்தின் அடியில் புகை என்றால் கதவின் மேல் விளிம்பைப் பார்க்க வேண்டும். துருத்தி ஓட்டைக்கு இந்தக் கணக்கு செல்லாது. கதிர் குறுக்கே பாய்ந்து எங்கு வேண்டுமானாலும் விழும். ஓரங்களில் மட்டும் கறை திரும்பத் திரும்ப வந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். ரோல் தளர்வாகச் சுற்றப்பட்டு, வெயிலில் கழற்றப்பட்டிருக்கும்.

வட்டமான கறை தனிக் கதை. எத்தனையாவது படம் என்று பார்க்க இந்தக் கேமராக்களின் முதுகில் வட்டமான சிவப்புச் சன்னல் வைத்தார்கள். அந்தக் காலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் அது பாதுகாப்பான வழி. ஒளிப்படப் பூச்சில் சாயம் சேர்த்தால் அது காணும் நிறங்கள் கூடும் என்று 1873இலேயே பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் கண்டுபிடித்திருந்தார். பிற்பாடு எல்லா நிறத்தையும் பார்க்கும் ஃபிலிம்கள் பரவியதும், சன்னலுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் காவலாக மிஞ்சியது ஃபிலிமோடு சேர்த்துச் சுற்றிய கறுப்புக் காகிதம் மட்டும்தான். சன்னலுக்கு மூடி இருந்தால் எண்ணைப் பார்க்கும் நேரம் தவிர மூடியே வையுங்கள். இல்லையென்றால் கறுப்பு டேப் போதும்.

புகை படிந்த படத்தைப் பழமையின் அழகு என்று கொண்டாடுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டுமென்று செய்தால் சரி. தானாக வந்தால் அது கோளாறுதான்.

சோதனைக்கு இருட்டறையும் சின்ன எல்இடி டார்ச்சும் போதும். பின்கதவைத் திறந்து, டார்ச்சைத் துருத்திக்குள் விட்டு, ஒவ்வொரு மூலையாக மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஓட்டை இருந்தால் புள்ளியாக மின்னும். அந்த இடத்தில் துணிக்குப் பூசும் கறுப்பு பெயின்டை மெல்லிசாகத் தடவி, துருத்தி விரிந்த நிலையிலேயே நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு மடித்தால் மடிப்புகள் ஒட்டிக்கொள்ளும். பழைய மடக்குக் கேமரா வாங்கப் போகிறவர்கள் டார்ச்சைக் கடைக்கே எடுத்துப் போகலாம். நல்ல கடைக்காரர் தடுக்கமாட்டார்.