கதைக் கைதியின் சிறைக்கூடம்

பிரான்ஸின் மார்செய் நகரப் பழைய துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ இருபது நிமிடப் படகுப் பயணம். கடல் நடுவே வெண்ணிறச் சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் மூன்று கோபுரங்கள் கொண்ட இஃப் கோட்டை. துறைமுகத்தைக் காக்கவென முதலாம் பிரான்சுவா மன்னன் எழுப்பிய இக்கோட்டை 1531இல் நிறைவுற்றது, பின்னர் சிறையாயிற்று.

நேயர்களுக்கு இத்தீவு புதிதல்ல. அலெக்சாந்தர் டூமா 1844 முதல் 1846 வரை பத்திரிகைத் தொடராக எழுதிய 'மொண்டி கிறிஸ்டோ பிரபு' நாவலின் நாயகன் எட்மண்ட் டாண்டெஸ், பதினான்கு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தது இங்குதான். கீழ்த்தளத்தில் 'அவனது' அறையையே காட்டுகிறார்கள். பக்கத்து அறைக்குச் சுவரில் ஒரு துவாரமும் உண்டு. பிறவாத மனிதனின் சிறையைக் குனிந்து பார்த்தேன். உடன் வந்தோரும் மௌனமாகப் பார்த்தனர்.

அவனுக்கு அறிவூட்டும் ஃபரியா பாதிரியார் முற்றிலும் கற்பனையல்லர். 1756இல் கோவாவில் பிறந்து, பாரிஸில் மனோவசியத்தால் பெயர்பெற்ற ஒரு குருவானவரின் பெயர் அது. டூமா அவரை இத்தாலியராக்கிவிட்டார்.

ஆனால், உண்மைக் கைதிகள்? தம் மதத்தை விட மறுத்த புரட்டஸ்தாந்தர்கள் இங்கே வாடினார்கள். காசுள்ளவனுக்கு மேலே யன்னலும் கணப்பும் உள்ள அறை. இல்லாதவனுக்குக் கீழே இருட்டு. 1848இல் பிடிபட்ட கிளர்ச்சியாளர், 'இறைமையுள்ள மக்களின் விடுதி' என்று முற்றத்துச் சுவரில் பொறித்து வைத்தார்கள். அதன்முன் அதிகம் பேர் நிற்கவில்லை.

1890இல் கோட்டை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது முதல் பலர் வருவது டாண்டெஸுக்காகவே. இலக்கியத்தின் வெற்றி இது. ஆயினும், கதை திறந்துவிட்ட கதவால் உள்ளே போகிறவர்கள், கதையில் இடம்பெறாதவர்களின் அறைகளையும் பார்த்துவிட்டுத்தான் படகேற வேண்டும்.