உயரத்தை கூட்டும் ஆபரேஷன்: தொடையை நீட்டுவதா? முழங்காலுக்கு கீழே நீட்டுவதா?

குள்ளமாக இருக்கிறோமே என்ற ஏக்கத்தில், கால் எலும்பை வெட்டி நீட்டிக் கொள்ளும் ஆபரேஷனை தேடி அலையும் வாலிபர்கள் இருக்கிறார்கள். லட்சக்கணக்கில் செலவு, மாதக்கணக்கில் வேதனை என்று தெரிந்தும் விடுவதில்லை. இப்படி போகிறவர்கள் முன்னால் வந்து நிற்கும் முதல் கேள்வி, தொடை எலும்பை நீட்டுவதா, முழங்காலுக்கு கீழே உள்ள எலும்பை நீட்டுவதா என்பதுதான்.

எது மலிவோ அதை செய்யலாம் என்கிறார்கள் சிலர். எது பார்க்க நன்றாக இருக்குமோ அதை செய்யலாம் என்கிறார்கள் வேறு சிலர். ரெண்டுமே தப்பான கணக்கு. எந்த மூட்டை பணயம் வைக்கப் போகிறோம் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

ஐதராபாத்தில் நடந்தது

2016-ம் ஆண்டு ஐதராபாத்தில் ஒரு வாலிபர் வீட்டுக்கு தெரியாமல் இந்த ஆபரேஷனை செய்து கொண்டார். மகனை காணவில்லை என்று பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தனர். கடைசியில் அவர் தனியார் ஆஸ்பத்திரியில் ரெண்டு காலிலும் கட்டுப் போட்டு படுத்திருந்தார். அவர் ஒன்றும் ரொம்ப குள்ளம் இல்லை, சராசரி உயரம்தான். விவகாரம் பெரிதாகி, மருத்துவ கவுன்சில் விசாரணை நடத்தி, ஆபரேஷன் செய்த டாக்டர் மீது நடவடிக்கை எடுத்தது. சீனாவில் அழகுக்காக இதை செய்யவே கூடாது என்று 2006-ம் ஆண்டிலேயே அரசு தடை போட்டு விட்டது.

எலும்பு எப்படி வளருகிறது?

இந்த வித்தையை கண்டுபிடித்தவர் ரஷிய டாக்டர் காவ்ரில் இலிசரோவ். சைபீரியாவில் உள்ள குர்கான் என்ற ஊரில் வேலை பார்த்தவர். 1950-களில் இரும்பு வளையங்களை காலை சுற்றி மாட்டி, கம்பிகளை எலும்புக்குள் செலுத்தி சிகிச்சை கொடுத்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய வலேரி புருமெல், மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக் கொண்டபோது, பல ஆபரேஷன்களுக்கு பிறகு அவரை நடக்க வைத்தவர் இவர்தான்.

எலும்பை குறுக்கே வெட்டி, சில நாள் விட்டு, வெட்டிய இடத்தை மெதுவாக விலக்க வேண்டும். ஒரு நாளைக்கு 1 மில்லி மீட்டர்தான். அதையும் கால் கால் மில்லி மீட்டராக 4 தடவை பிரித்து விலக்க வேண்டும். அந்த இடைவெளியில் புது எலும்பு உருவாகும். அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் எலும்பு உருவாகாது, நரம்பும் தாங்காது. ரொம்ப மெதுவாக இழுத்தால் எலும்பு ஒட்டிக் கொண்டு, மறுபடியும் வெட்ட வேண்டி வரும்.

போலியோவால் ஒரு கால் குட்டையானவர்கள், விபத்தில் எலும்பை இழந்தவர்கள், பிறவியிலேயே கால் வளராதவர்கள் என்று எத்தனையோ பேருக்கு இது வாழ்வு கொடுத்த சிகிச்சை. நாம் இங்கே பேசுவது அவர்களை பற்றி அல்ல. நன்றாக இருக்கும் ரெண்டு காலையும் உயரத்துக்காக வெட்டிக் கொள்வதை பற்றித்தான்.

ஒன்றை கவனிக்க வேண்டும். எலும்புதான் புதிதாக வளரும். சதையும் நரம்பும் தசைநாரும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் இழுபடும். வலி, மரத்துப் போவது, மூட்டு மடங்காமல் போவது எல்லாம் பெரும்பாலும் இதனால்தான் வருகிறது.

தொடையில் செய்தால்...

உடம்பிலேயே பெரிய எலும்பு தொடை எலும்புதான். ஒருவரது உயரத்தில் சுமார் கால் பங்கு. சுற்றிலும் நல்ல சதை, நல்ல ரத்த ஓட்டம். அதனால் புது எலும்பு சீக்கிரம் கெட்டிப்படும். 6 முதல் 8 சென்டி மீட்டர் வரை, அதாவது 3 அங்குலம் வரை கூட நீட்டுகிறார்கள். அழகுக்காக வருபவர்களுக்கு பல டாக்டர்கள் தொடையைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

ஆனால் ஆபரேஷன் பெரியது. ரெண்டு தொடை எலும்பையும் ஒரே நேரத்தில் குடைந்து கம்பி செலுத்தும்போது, மஜ்ஜையில் உள்ள கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு. அபூர்வம்தான், ஆனால் உயிரையே பறிக்கக் கூடியது.

அடுத்து முழங்கால். முன் தொடை சதை இறுகி, முழங்கால் மடங்க மறுக்கும். இடுப்பு சதை இறுகினால் பின்பக்கத்தை தூக்கிக் கொண்டு வாத்து மாதிரி நடக்க வேண்டி வரும். தினமும் மணிக்கணக்கில் பிசியோதெரபி செய்தால்தான் இது சரியாகும். செய்யாமல் விட்டவர்களுக்கு முழங்கால் பழையபடி மடங்காமலே போவதும் உண்டு.

முழங்காலுக்கு கீழே செய்தால்...

இங்கே முன்பக்கம் எலும்பை மூடி இருப்பது வெறும் தோல்தான். கையால் தடவிப் பார்த்தாலே தெரியும். சதை குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் எலும்பு மெதுவாகத்தான் கூடும். நாளைக்கு முக்கால் மில்லி மீட்டராக குறைத்து இழுக்கும் டாக்டர்களும் உண்டு. 5 சென்டி மீட்டரை தாண்டினால் சிக்கல் கூடிக் கொண்டே போகும்.

பக்கத்தில் இன்னொரு மெல்லிய எலும்பு இருக்கிறது. அதையும் வெட்ட வேண்டும். அதன் ரெண்டு முனையையும் ஸ்குரு போட்டு பிடித்து வைக்காவிட்டால், கணுக்கால் மூட்டு இடம் மாறி கெட்டுப் போகும்.

பெரிய தொல்லை குதிகாலில் வரும். கெண்டைக்கால் சதையும் குதிகால் தசைநாரும் நீள மறுத்து, பாதத்தை கீழ்நோக்கி இழுக்கும். குதிகால் தரையில் படாது. முன்னங்காலில் நிற்கிற மாதிரி நிற்க வேண்டியதுதான். பயிற்சியில் சரியாகாவிட்டால் தசைநாரை வெட்டி நீட்ட இன்னொரு ஆபரேஷன்.

கம்பியை முழங்கால் சில்லுக்கு கீழே துளை போட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். இதனால் பலருக்கு மண்டி போட்டால் வலிக்கும். டைல்ஸ் ஒட்டுகிறவர், பெயிண்டர், எலக்ட்ரீசியன் இவர்கள் எல்லாம் பாதி நேரம் மண்டி போட்டுத்தான் வேலை பார்க்கிறார்கள். தொழுகையிலும் சர்ச்சிலும் மண்டி போடுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

தரையில் உட்கார முடியுமா?

வெளிநாட்டு விளம்பரங்களை பார்த்து ஏமாறுவது இங்கேதான். அங்கே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டு, வெஸ்டர்ன் டாய்லெட்டில் போகிறவனுக்கு முழங்கால் கொஞ்சம் மடங்காவிட்டாலும் பொழப்பு ஓடும். நம் ஊரில் சம்மணம் போட்டு சாப்பிட வேண்டும், குத்த வைத்து கழிவறைக்கு போக வேண்டும். குத்த வைக்க முழங்கால் முழுசாக மடங்க வேண்டும், குதிகாலும் தரையில் படிய வேண்டும். தொடையில் செய்தால் முதல் விஷயத்துக்கு ஆபத்து, கீழே செய்தால் ரெண்டாவதுக்கு ஆபத்து. டாக்டரிடம் பேசும்போது நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள், வீட்டில் எப்படி உட்காருகிறீர்கள் என்பதை சொல்லாமல் இருக்காதீர்கள். அதை கேட்காத டாக்டராக இருந்தால் வேறு டாக்டரை பார்ப்பது நல்லது.

தோற்றத்திலும் வித்தியாசம் உண்டு. தொடையை நீட்டினால் உட்காரும்போது முழங்கால் முன்னே தள்ளி வரும், பஸ்சில் முன் சீட்டில் இடிக்கும். கீழே நீட்டினால் முழங்கால் மேலே ஏறி நிற்கும். எதில் செய்தாலும் கை நீளம் அப்படியேதான் இருக்கும்.

மலிவு என்று போனால்

வெளியே வளையம் மாட்டும் முறைதான் செலவு குறைந்தது. தொடையில் அது பெரிய இம்சை. தடித்த சதையை துளைத்துக் கொண்டு கம்பி நிற்கும், காலை சேர்த்து படுக்கவும் முடியாது. அதனால் பணம் குறைவாக உள்ளவர்கள் கீழ்க்காலை தேர்ந்தெடுக்கிறார்கள். கம்பி நுழைந்த ஒவ்வொரு துளையையும் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சீழ் பிடிக்கும். ஆக, எலும்பு மெதுவாக கூடும் இடத்தில், சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகமுள்ள முறையை ஏழை தேர்ந்தெடுக்கிறான்.

எலும்புக்கு உள்ளேயே வைத்து, வெளியே இருந்து காந்தக் கருவியால் நீட்டும் கம்பியும் இருக்கிறது. இதை வைத்து செய்தால் அமெரிக்காவில் 75 ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். விலை அதிகம் என்பதால் பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம். இந்த வகையில் வந்த ஒரு கம்பி, உள்ளே அரிப்பு ஏற்படுவதாக புகார் வந்து 2021-ல் திரும்பப் பெறப்பட்டது.

போலீஸ் வேலைக்காக...

இரண்டாம் நிலை காவலர் தேர்வில் ஆண்களுக்கு 170 சென்டி மீட்டர் உயரம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167. ஒன்றிரண்டு சென்டி மீட்டரில் வாய்ப்பை தவற விட்டு கண்ணீரோடு திரும்பும் வாலிபர்கள் ஏராளம். நிலத்தை விற்றாவது காலை நீட்டிக் கொள்ளலாமா என்று அவர்களுக்கு தோன்றுவது இயல்புதான். ஆனால் உயரம் அளந்ததோடு தேர்வு முடிவதில்லை. 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும், தாண்ட வேண்டும். நீட்டிய காலுக்கு முதலில் அடிபடுவது ஓட்டமும் தாண்டலும்தான். பலருக்கு பழைய வேகம் திரும்புவதில்லை.

நாட்கணக்கையும் பாருங்கள். 5 சென்டி மீட்டர், அதாவது 2 அங்குலம் நீட்ட 50 நாள் ஆகும். அதன் பிறகு எலும்பு கெட்டிப்பட வேண்டும். மொத்தத்தில் ஒரு சென்டி மீட்டருக்கு ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக் கொள்ள வேண்டும். அதுவரை வாக்கரோ ஊன்றுகோலோதான் துணை. அரை வருஷத்துக்கு மேல் சம்பளம் கிடையாது, கூட இருந்து பார்த்துக் கொள்ளும் ஆளுக்கும் வேலை போகும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் எலும்பு கூடுவது இன்னும் தாமதமாகும்.

இத்தனைக்கும் பிறகு செய்தே தீருவேன் என்பவர்களுக்கு, உடம்பு நன்றாக இருந்து, உள்ளே வைக்கும் கம்பிக்கு பணமும் இருந்தால் தொடைதான் கொஞ்சம் தேவலை. அதுவும் 5 சென்டி மீட்டரோடு நிறுத்திக் கொண்டால். தொடையையும் கீழ்க்காலையும் ஒரே சமயத்தில் செய்கிறேன், 5 அங்குலம் கூட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்து விடலாம்.

உள்ளே வைத்த கம்பியை, எலும்பு நன்றாக கூடிய பிறகு எடுக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வருஷம் ஆகும். அதற்கு தனியாக ஆபரேஷன், தனியாக பெட், தனியாக மயக்க மருந்து செலவு. முதலில் சொல்லும் தொகையில் இது சேர்ந்திருக்கிறதா என்பதை முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக் கொள்ளவும்.