'சால்மன் டிஎன்ஏ' சீரம்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

தோலைப் 'புதுப்பிக்கும்' என்று பிடிஆர்என், எக்ஸோசோம் சீரம்களின் விளம்பரங்கள் கைபேசியில் நிறைய வருகின்றன. கல்யாணம், பெருநாள் நெருங்கினால் வீட்டில் பிள்ளைகளும் கேட்பார்கள்.

பிடிஆர்என் என்பது சால்மன் போன்ற மீன்களின் விந்தணுவிலிருந்து எடுக்கும் டிஎன்ஏ துண்டுகள். காயம் ஆற இது உதவுமா என்று பெரும்பாலும் ஊசியாகச் செலுத்தியே ஆராய்ந்தார்கள். இதன் மூலக்கூறு பெரியது. தடவினால் தோலுக்குள் எளிதில் இறங்காது. ஊசியின் பலனைச் சீரத்தில் எதிர்பார்க்க முடியாது.

எக்ஸோசோம் என்பது செல்கள் வெளிவிடும் நுண்பைகள். இது மனித, விலங்கு, தாவரச் செல்களிலிருந்து எடுக்கப்படுவதால், மூலம் எது என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் ஆலிமிடம் கேளுங்கள்.

எதை எதிர்பார்க்கலாம்? ஈரப்பதம் கூடும், வறட்சிக் கோடுகள் சற்று மங்கும். ஆழ்ந்த சுருக்கமும் தழும்பும் மறையாது.

தோல் சீக்கிரம் முதிர முக்கியக் காரணம் வெயில். சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் உள்ள கல்லங்குறிச்சி போன்ற ஊர்களில் வெயிலில் நிற்பவர்களுக்கு முதல் தேவை குடையும் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனும்தான். சீரம் அதற்குப் பிறகே.

வாங்குவதானால்:

• தயாரிப்பாளர் பெயர், உரிம எண், சேர்மானங்கள், காலாவதித் தேதி இருக்கிறதா? இறக்குமதி என்றால் பதிவுச் சான்றிதழ் எண் வேண்டும். கேரளாவின் கோட்டக்கல்லில் பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம்களால் சிலருக்குச் சிறுநீரகம் பாதித்தது 2023இல் தெரியவந்தது.

• ரெட்டினால் கலந்திருந்தால் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

• முதலில் முழங்கையின் உட்புறம் சில நாள் தடவிப் பாருங்கள். அரிப்பு, சிவப்பு வந்தால் நிறுத்திவிடுங்கள்.

• சீரத்தை ஊசியாகவோ, ஊசி உருளையால் குத்தியோ வீட்டில் ஏற்றவே கூடாது.