வீட்டை வாடகைக்கு விடுவோரின் கடமைகள்

நம் சங்க அங்கத்தினருள் சொந்த வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டிருப்போரும் உளர்; பிறர் வீட்டில் குடியிருந்து அங்கேயே தறி போட்டு நெய்வோரும் உளர். இரு சாராருக்கும் இடையே தகராறு மூளுவது பெரும்பாலும் வாய்ப்பேச்சை நம்புவதாலேயே. வாடகை இவ்வளவு என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவது நம் ஊர் வழக்கம். தமிழ்நாட்டில் இவ்வழக்கத்திற்குச் சட்டம் இப்போது இடமளிப்பதில்லை.

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017இல் இயற்றப்பட்ட சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது. இதன்படி உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதனைப் பதிவு செய்தலும் வேண்டும்.

முன்பணத்திற்குச் சட்டம் குறித்துள்ள அளவு மூன்று மாத வாடகை. சென்னை போன்ற நகரங்களில் பத்து மாத வாடகையைக் கேட்பது வழக்கமாயிருந்தது. இன்றும் மிகுதியாக எழுதிக் கையொப்பம் வாங்குவோர் உண்டாதலின், ஷரத்துகளைப் படித்துப் பார்த்த பின்னரே ஒப்பமிடுதல் நன்று. வீடு காலியானதும், பாக்கி ஏதுமிருப்பின் கழித்துக்கொண்டு, எஞ்சிய தொகையைச் சொந்தக்காரர் ஒரு மாதத்திற்குள் திருப்பித் தர வேண்டும்.

சுவர், கூரை முதலியவற்றின் பழுது, வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வர்ணம் பூசுதல், தண்ணீர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுதல் ஆகியவை, உடன்படிக்கையில் வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, சொந்தக்காரரின் பொறுப்பு. குடியிருப்பவர் விளைவித்த சேதம் இதில் சேராது. குழாய்த் திருகு, மின்விசைப் பொத்தான் போன்ற சில்லறைப் பழுதுகளைக் குடியிருப்பவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெசவாளர் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. குழித்தறிக்குத் தரையை வெட்டியாக வேண்டும். அதற்குச் சம்மதம் தரப்பட்டதா, காலி செய்யும்போது குழியை மூடித் தரையைச் செப்பனிடுவது யார் செலவு என்பவற்றை உடன்படிக்கையிலேயே எழுதிவிடுக. இதனை எழுதாமல் விட்டால், முன்பணத்தைத் திருப்பித் தரும் நாளில் அக்குழியே சேதமாகக் கணக்கிடப்படக்கூடும்.

பழுது பார்க்கவோ பார்வையிடவோ வீட்டினுள் நுழைய 24 மணி நேரத்திற்கு முன்னரே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். சொந்த வீடுதானே என்று நினைத்தபோதெல்லாம் நுழைதல் முறையன்று. வாடகை பெற்றதற்கு இரசீது தருவதும் கடமையே.

வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவோர் சிலர் உளர். 1960ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இதற்குத் தடை இருந்தது. இப்போதைய சட்டமும் தடுக்கிறது. பாக்கியை வசூலிக்க வேறு வழி உண்டு. இவ்வாறு நிறுத்தப்பட்டால் குடியிருப்பவர் வாடகை அதிகாரிக்கு மனுச் செய்யலாம். விசாரணை முடியும்வரை காத்திராமல், வசதியை உடனே திரும்ப அளிக்குமாறு இடைக்கால உத்தரவு பிறப்பிக்க அவருக்கு அதிகாரம் உண்டு.