ஜாவா வேற, ஜாவாஸ்கிரிப்ட் வேற... மலையாளி வேற, மலையாளி வேற! மொழிகள் எப்படிக் கிளைக்கின்றன?

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்தில் உள்ள இந்த மலையில் வாழும் பழங்குடி மக்களின் பெயர் மலையாளி. ‘அப்போ கேரளாக்காரங்களா?’ என்று கேட்டுடாதீங்க. மலையில் வாழ்பவர்கள் என்பதால் வந்த பெயர் இது. அவர்கள் பேசுவது தமிழின் ஒரு வட்டார வழக்கு.

பெயர் ஒன்று, ஆள் வேறு. கோடிங் படித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் புதுசு இல்லை. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் ஒன்றுதான் என்று நினைத்து, இன்டர்வியூவில் முழித்தவர்கள் எத்தனை பேர்!

மூன்று அண்ணன் தம்பி, ஒரு ‘ஃபோர்க்’

காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய மூன்று சகோதரர்கள் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள் என்று இந்த மக்களிடம் ஒரு வழிவழிக் கதை உண்டு. அது வரலாறா என்பது தனி விஷயம். ஆனால், மொழி கிளைப்பதும் இப்படித்தான். ஒரே பேச்சு பேசியவர்கள் பிரிகிறார்கள், இடையில் மலையோ கடலோ வருகிறது, சில நூறு ஆண்டுகளில் பேச்சு மாறிவிடுகிறது. ஒரு புரோகிராமின் கோடை நகல் எடுத்து வேறு பாதையில் வளர்த்தால், அதை ‘ஃபோர்க்’ என்பார்கள். அதே கதைதான்.

கேரளத்தின் மலையாளமே நல்ல உதாரணம். நாம் ‘நான் வந்தேன், அவன் வந்தான், அவள் வந்தாள்’ என்கிறோம். மலையாளத்தில் மூன்றுக்கும் ‘வந்நு’ போதும். வினைச்சொல்லின் வாலை அது விட்டுவிட்டது, நாம் வைத்துக்கொண்டோம்.

சி மொழிக்கும் தாத்தா உண்டு

1960-களில் சிபிஎல் என்றொரு மொழி. அதைச் சுருக்கி 1967-ல் பிசிபிஎல் வந்தது. அதையும் சுருக்கி கென் தாம்ப்சன் ‘பி’ மொழியைச் செய்தார். அதிலிருந்து 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி ‘சி’யை உருவாக்கினார். சி பிளஸ் பிளஸ், ஜாவா, சி ஷார்ப் எல்லாம் இதன் வாரிசுகள். வரி முடிவில் வரும் அரைப்புள்ளி, வளைந்த அடைப்புக்குறி... எல்லாம் குடும்பச் சாயல்.

1995-ல் பத்தே நாளில் முதல் வடிவம் எழுதப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட், தோற்றத்தை ஜாவாவிடமிருந்து எடுத்துக்கொண்டது. உள்ளே இருக்கும் யோசனைகளை ஸ்கீம், செல்ஃப் என்ற வேறு மொழிகளிடமிருந்து வாங்கியது. தமிழ் வாக்கியத்துக்குள் ‘சாவி’ போர்ச்சுகீசியத்திலிருந்தும் ‘வக்கீல்’ உருது வழியாகவும் வந்து உட்கார்ந்த மாதிரி.

அப்டேட் சொன்னா உடனே மாறுவோமா?

கணினி மொழிக்கு ஒரு உருவாக்குநரும் பிறந்த தேதியும் இருக்கும். பேச்சுமொழிக்கு இரண்டும் கிடையாது. ஆனால், மாற்றத்தை ஏற்பது எப்போதும் பயன்படுத்துபவர்கள்தான். பைத்தான் 3 வந்தது 2008-ல். பைத்தான் 2-க்கு விடை கொடுக்க 2020 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழக அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் செய்து, ‘லை’, ‘னை’ போன்றவற்றின் பழைய வடிவத்தை மாற்றியது. அதற்குப் பிறகும் நம் தாத்தா பாட்டிகள் கடிதங்களில் பழைய வடிவத்தையே எழுதினார்கள்.

இரண்டு வம்சமும் சந்திக்கும் இடம்கூட இருக்கிறது: ‘எழில்’ என்ற தமிழ் நிரலாக்க மொழி. பைத்தானின் மேல் கட்டப்பட்டது. ஆங்கிலத்தில் ‘இஃப்’ முன்னால் வரும். எழிலில் நிபந்தனை முதலில், ‘ஆனால்’ அதற்குப் பின்னால். இன்ஜின் பைத்தான், வாக்கிய அமைப்பு தமிழ்.

அழிந்தால் என்ன ஆகும்?

1959-ல் உருவான கோபோல் மொழியை ‘செத்துப்போச்சு’ என்று பலர் சொல்லிவிட்டார்கள். 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்தன. பழைய கணினிகள் திணறின. கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று ஆளுநரே கேட்டார். கையேடு இருந்ததால், தெரிந்தவர்கள் இருந்ததால் சமாளிக்க முடிந்தது.

கொல்லிமலைப் பேச்சின் கதை வேறு. இங்கே சாமையிலேயே வெள்ளப்பெருஞ்சாமை, மல்லியசாமை, கட்டவெட்டிச்சாமை எனத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. 1970-களுக்குப் பிறகு சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலத்தில் மரவள்ளி பரவியது. பயிர் போனால் அதன் பெயரைச் சொல்லும் தேவையும் போகும். பிள்ளைகள் பள்ளியில் படிப்பதோ பாடநூல் தமிழ். சமவெளிக்கு வேலைக்கு வந்தால் பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள். யாரும் கிண்டல் செய்யக் கூடாதே!

விதைகளைக் காக்க எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மக்களோடு சேர்ந்து சமுதாய விதை வங்கிகளை அமைத்தது. விதையைப் பானையில் சேமிக்கலாம். சொல்லைப் பேசினால்தான் சேமிக்க முடியும்.

அடுத்த முறை ஆகாய கங்கை அருவி பார்க்கப் போறீங்கன்னா, சாமைச் சோறு கிடைக்குமான்னு கேளுங்க. கிடைத்தால், ‘இது எந்தச் சாமை?’ என்றும் ஒரு வார்த்தை கேளுங்க.